‘ட’ என்ற எழுத்தில் தொடங்குங்கள்: கூட்டு நுண்ணோக்கியைக் கையாளப் பழகுவது எப்படி?

பதினொன்றாம் வகுப்பில் முதன்முதலாக நுண்ணோக்கியைத் தொட்ட அன்றே நான் ஒரு ஸ்லைடை, அதாவது பார்க்கும் பொருளை வைக்கும் கண்ணாடித் தகட்டை, உடைத்தேன். வெங்காயத் தோல் மங்கலாகவே இருந்தது. ஐபீஸில் கண்ணை வைத்தபடி பெரிய திருகைத் திருகிக்கொண்டே போனேன். ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். பொருளின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் நொறுங்கிவிட்டது, 40 மடங்கு பெரிதாக்கும் 40எக்ஸ் லென்ஸின் முகத்தில் ஒரு கீறல். ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் திட்டவில்லை. “கண்ணு மேல இருக்கும்போது கண்ணாடியும் லென்சும் கிட்ட வரக் கூடாது தம்பி. விலகித்தான் போகணும்” என்று மட்டும் சொன்னார். பின்னாளில் நானே மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தபோது, முதல் நாள் முதல் வாக்கியமாக அதைத்தான் சொன்னேன். மற்றதெல்லாம் அப்புறம்.

பள்ளியில் முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கும், பிள்ளைக்காக ஒன்று வாங்கி வைத்துவிட்டு எப்படி இயக்குவது என்று விழிக்கும் பெற்றோருக்கும் இது. மேசைமேல் கருவியை வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

பெயர்களும் எண்களும்

கூட்டு நுண்ணோக்கியில் ‘கூட்டு’ என்பது இரண்டு லென்ஸ் தொகுதிகள் சேர்ந்து வேலை செய்வதைக் குறிக்கிறது. பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் இருப்பது பொருளருகு லென்ஸ். ஆய்வுக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அப்ஜெக்டிவ் என்றுதான் சொல்வார்கள். குழாய்க்குள் பொருளின் பெரிதான பிம்பம் ஒன்றை அது உண்டாக்கும். மேலே கண் வைக்கும் இடத்தில் இருக்கும் கண்ணருகு லென்ஸ், அதாவது ஐபீஸ், அந்தப் பிம்பத்தை உருப்பெருக்குக் கண்ணாடி போல இன்னும் பெரிதாக்கிக் காட்டும். ஐபீஸில் 10எக்ஸ், அப்ஜெக்டிவில் 40எக்ஸ் என்றால் இரண்டையும் பெருக்க 400 மடங்கு.

அப்ஜெக்டிவ்கள் ஒரு சுழல் தட்டில் மாட்டியிருக்கும். வழக்கமாக 4, 10, 40, 100 என்று நான்கு. பெரும்பாலானவற்றில் வண்ண வளையம் உண்டு: 4-க்குச் சிவப்பு, 10-க்கு மஞ்சள், 40-க்கு இளநீலம், 100-க்கு வெள்ளை. சுழற்றும்போது லென்ஸைப் பிடித்துத் தள்ளாதீர்கள். தட்டின் விளிம்பைப் பிடித்துத் திருப்புங்கள், சரியான இடத்தில் ‘க்ளிக்’ என்று உட்காரும். லென்ஸைப் பிடித்தே பல வருடம் சுழற்றினால் அதன் மரை தளர்ந்து, பிம்பம் நடுவிலிருந்து விலகிவிடும்.

40எக்ஸ் லென்ஸின் உடம்பில் 40/0.65 என்றும் அதன் கீழே 160/0.17 என்றும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இதில் 160 என்பது குழாயின் நீளம் மில்லிமீட்டரில். 0.17 என்பது அந்த லென்ஸ் எதிர்பார்க்கும் கவர் ஸ்லிப்பின் கனம், அதுவும் மில்லிமீட்டரில்தான். 0.65 என்பதுதான் முக்கியமான எண். லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்ளே வாங்குகிறது என்பதற்கான அளவு அது. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டும் திறன் அதைப் பொறுத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் இதற்கான கணக்கைச் சொன்னார். பச்சை ஒளியில் 0.65 உள்ள லென்ஸால் ஏறக்குறைய அரை மைக்ரான் இடைவெளி வரைதான் பிரிக்க முடியும். 1.25 என்று எழுதிய 100எக்ஸ் எண்ணெய் லென்ஸ் (எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்ப்பது, பின்னால் வருகிறது) கால் மைக்ரானுக்குச் சற்று மேல் வரை போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கடையில் ஏமாறாமல் இருக்கவும் இந்த 0.65 மாதிரியான எண் உதவும். உருப்பெருக்கம் அந்த எண்ணின் ஆயிரம் மடங்கைத் தாண்டினால் படம் பெரிதாகுமே தவிர புதிதாக எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் பெட்டியில் ‘1200 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் பொம்மை நுண்ணோக்கியின் லென்ஸில் 0.65 மாதிரியான எண்ணைத் தேடிப் பாருங்கள். இருக்காது. அதைவிட 4, 10, 40 மட்டும் உள்ள, கண்ணாடி லென்ஸும் உலோக உடம்பும் கொண்ட மாணவர் நுண்ணோக்கி எவ்வளவோ மேல். எண்ணெய் லென்ஸ் இல்லையே என்று முதல் ஆண்டில் கவலைப்பட வேண்டாம்.

எஞ்சிய உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடை வைப்பது மேடை. அதன் அடியில் ஒளியைக் குவிப்பது கண்டென்சர். கண்டென்சரோடு ஒட்டி, கண்பாவை போலச் சுருங்கி விரியும் டயஃப்ரம். எளிய கருவிகளில் இதற்குப் பதிலாக ஐந்தாறு துளைகள் உள்ள வட்டத் தட்டு இருக்கும். பக்கவாட்டில் பெரிய திருகு வேகமாக ஏற்றி இறக்க, சின்னத் திருகு மயிரிழை அளவில் சரிசெய்ய.

தூக்குவது, வைப்பது, வெளிச்சம்

ஒரு கையால் வளைந்த கைப்பிடியைப் பிடியுங்கள். மறு கை அடித்தளத்துக்குக் கீழே இருக்கட்டும். நிமிர்ந்தபடியே தூக்க வேண்டும். பழைய கருவிகளில் ஐபீஸ் சும்மா செருகியிருக்கும், சாய்த்தால் கீழே விழுந்துவிடும். மேசையின் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வையுங்கள். மின்விளக்கு உள்ள கருவியானால் ஒயர் மேசைக்கு வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறவர் காலில் ஒயர் மாட்டி மொத்தக் கருவியும் தரைக்கு வந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

விளக்கு எல்.இ.டி. என்றால் பிரச்சினை இல்லை. ஹாலஜன் என்றால் பல்பு நன்றாகச் சுடும். மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, புது பல்பைத் துணியோடு பிடித்து மாட்டுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

அடியில் விளக்குக்குப் பதிலாக ஒளியை மேலே திருப்பும் கண்ணாடி வைத்த மாடல் இன்னும் நிறைய பள்ளிகளில் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் சமதளம், மறுபக்கம் குழி. கண்டென்சர் இருந்தால் சமதளப் பக்கம், இல்லாவிட்டால் குழிப் பக்கம். ஜன்னல் வழியே தெரியும் வானத்தின் வெளிச்சமோ மேசை விளக்கோ போதும். இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: நேர் வெயிலைக் கண்ணாடியில் வாங்கி ஒருபோதும் பார்க்காதீர்கள். சூரிய ஒளியை லென்ஸ்கள் குவித்து நேராக விழித்திரைக்கு அனுப்பிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது, எரிந்துபோனது பிறகுதான் தெரியவரும். காலையில் நிழலாக இருந்த ஜன்னலில் மதியம் வெயில் வந்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் ஸ்லைடு: ஒரு தமிழ் எழுத்து

பழைய செய்தித்தாளில் சின்ன எழுத்தில் உள்ள ‘ட’ ஒன்றை வெட்டி எடுங்கள். ‘ப’ வேண்டாம், ஏன் என்று இதோ சொல்கிறேன். ஸ்லைடின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் அந்தக் காகிதத் துண்டு, மேலே கவர் ஸ்லிப். எழுத்து உங்களுக்கு நேராகத் தெரியும்படி மேடையில் வைத்து கிளிப்பை மாட்டுங்கள்.

இனி ஒவ்வொரு படியாக.

1. 4எக்ஸ் லென்ஸ் கீழ்நோக்கி இருக்கட்டும். எப்போதும் இதில்தான் தொடக்கம்.

2. கண்ணைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, மேடை மட்டத்தில் பார்த்தபடி, பெரிய திருகால் மேடையை ஏற்றுங்கள். லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்போது நிறுத்துங்கள்.

3. இப்போது ஐபீஸ் வழியே பாருங்கள். பெரிய திருகை விலகும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். மங்கலாக ஒரு கறுப்பு எழும்பி, திடீரென்று கூர்மையாகும். கூர்மை தாண்டிப் போய்விட்டால் பதறாமல் இம்மியளவு திரும்பி வாருங்கள். எதுவுமே வராவிட்டால் இரண்டாம் படிக்குப் போய் மறுபடி பக்கவாட்டில் பார்த்து ஏற்றுங்கள்.

4. சின்னத் திருகால் விளிம்பைத் தீட்டுங்கள்.

தெரிவது ‘ட’ அல்ல. செங்குத்துக் கோடு வலப்பக்கம், படுக்கைக் கோடு மேலே, ஏறக்குறைய 7 மாதிரி. நுண்ணோக்கி பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் காட்டுகிறது. ‘ப’வை வைத்திருந்தால் தலைகீழானது மட்டும் தெரியும், அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் இடவலம் மாறியது தெரியாமலே போயிருக்கும். இப்போது ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்துங்கள், பிம்பம் இடப்பக்கம் ஓடும். ஐந்து நிமிடம் இப்படியே நகர்த்தி விளையாடுங்கள். குளத்து நீரில் ஓடும் உயிரியைத் துரத்தும்போது இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பழகுங்கள். ஒற்றைக் குழாய் நுண்ணோக்கியில் ஒரு கண்ணை இறுக்கி மூடுகிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். முதலில் இரண்டு காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று விழும், நாளடைவில் மூளை மேசையைக் கழித்துவிட்டு ஸ்லைடை மட்டும் காட்டும். இரட்டைக் குழாய் என்றால் இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை குழாய்களின் இடைவெளியைச் சரிசெய்து, வலக்கண்ணுக்குத் திருகால் தெளிவாக்கி, பிறகு இடக்கண்ணுக்கு இட ஐபீஸின் வளையத்தை மட்டும் திருப்புங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், திருகே அதைச் சரிசெய்துவிடும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்கள் மட்டும் கண்ணாடியோடே பாருங்கள்.

10, அப்புறம் 40

எழுத்தின் விளிம்பு ஒன்றை நட்டநடுவுக்குக் கொண்டுவாருங்கள். சுழல் தட்டைத் திருப்பி 10எக்ஸ். நல்ல கருவியில் பிம்பம் ஏற்கெனவே முக்கால்வாசி தெளிவாக இருக்கும், சின்னத் திருகை ஒரு தொடு தொட்டால் போதும். நேர்க்கோடாக நினைத்த அச்சு எழுத்தின் ஓரம் கிழிந்த கோணிச்சாக்கு மாதிரி தெரியும், காகிதத்தின் நார்களில் மை ஊறிப் போயிருக்கும்.

40-க்குப் போகும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தபடியே திருப்புங்கள். லென்ஸின் முனைக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். இங்கிருந்து பெரிய திருகைத் தொடக் கூடாது. நான் ஸ்லைடை உடைத்தது இங்கேதான். 40-இல் பிம்பத்தைத் தொலைத்துவிட்டால் அங்கேயே தேடிக்கொண்டிருக்காமல் 10-க்கு, தேவைப்பட்டால் 4-க்கு இறங்கி, கண்டுபிடித்து, நடுவில் வைத்து, மறுபடி ஏறுங்கள். இறங்கி ஏறுவது அவமானம் என்று நினைக்கும் மாணவர்கள்தான் லென்ஸை உடைக்கிறார்கள்.

வெங்காயமும் காற்றுக் குமிழியும்

பல்லாரி வெங்காயத்தை நான்காக வெட்டி, சதைப்பற்றான ஓர் அடுக்கை எடுங்கள். அதன் உட்பக்கத்தில், குழிந்த பக்கத்தில், கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அடுக்கை மடித்து முறித்தால் அந்தத் தோல் மட்டும் முறியாமல் தொங்கும். சாமணத்தால் பிடித்து இழுத்து, சின்ன விரல் நகத்தில் பாதி அளவுக்கு வெட்டுங்கள். தண்ணீர்ச் சொட்டில் போட்டு ஊசியால் சுருக்கம் நீக்குங்கள். பிளேடைப் பயன்படுத்தும்போது வெட்டு உங்களைவிட்டு வெளிப்பக்கமாகப் போகட்டும், இரண்டு பக்கமும் கூரான பிளேடு வேண்டவே வேண்டாம்.

கவர் ஸ்லிப்பைத் தொப்பென்று போடாதீர்கள். ஒரு விளிம்பைத் தண்ணீரின் ஓரத்தில் தொட்டு, சாய்வாகப் பிடித்து, மறு விளிம்பை ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள். தண்ணீர் கண்ணாடிக்கு அடியில் பரவிக்கொண்டே போகும், காற்றைத் தனக்கு முன்னால் தள்ளிவிடும். மேலே வழிந்த தண்ணீரை வடிதாளால் ஒற்றி எடுங்கள்.

சாயத்துக்கு மருந்துக்கடை அயோடின் டிங்சரை நாலைந்து மடங்கு நீர்விட்டு நீர்த்தால் போதும். கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு, எதிர் ஓரத்தில் வடிதாள். தாள் நீரை இழுக்க இழுக்கச் சாயம் உள்ளே ஓடும். 10எக்ஸில் செங்கல் சுவர் போல நீள நீளமான செல்கள் தெரியும், சாயம் ஏறிய பிறகு ஒவ்வொன்றிலும் வெளிர் பழுப்பாக ஓர் உருண்டை உட்கரு. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலைப் பார்த்து ‘செல்’ என்று பெயர் வைத்தபோது அவர் கண்டது வெறும் சுவர்களைத்தான். நீங்கள் ஆள் குடியிருக்கும் வீட்டைப் பார்க்கிறீர்கள்.

இப்போது எல்லாரும் செய்யும் தவறு. தடித்த கறுப்பு வளையத்தோடு, கச்சிதமான வட்டமாக, உள்ளே பளிச்சென்று ஒன்று தெரிந்தால் அது செல் இல்லை, காற்றுக் குமிழி. செய்முறை நோட்டில் குமிழியை அழகாக வரைந்து ‘உட்கரு’ என்று அம்புக்குறி போட்ட படங்களை நான் எண்ணிக்கையில்லாமல் திருத்தியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் கவர் ஸ்லிப்பை ஊசியால் லேசாகத் தட்டுங்கள். குமிழி நெளியும், செல் நெளியாது.

டயஃப்ரம் எனும் கதவு

புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘தெரியவில்லை’ என்று சொல்லும் பத்து முறையில் பெரும்பாலும் வெளிச்சம் அதிகமாகிப் போனதுதான் காரணம். சாயம் போடாத செல் தண்ணீர் போல நிறமற்றது. வெள்ளை வெளிச்சத்தை அதன்மேல் கொட்டினால் கரைந்து போய்விடும்.

சாயம் போடாத வெங்காயத் தோலை 10எக்ஸில் வைத்துக்கொண்டு டயஃப்ரத்தை முழுக்கத் திறந்து பாருங்கள், பிறகு மெல்ல மூடுங்கள். சுவர்கள் திடீரென்று மையால் கோடு போட்டதுபோல் எழும்பி வரும். இன்னும் மூடினால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல்போல இன்னொரு கோடு சேர்ந்து, நுண்ணிய விவரமெல்லாம் போய்விடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். அடியில் ஒரு ஒளி வட்டம் தெரியும். டயஃப்ரத்தை அசைத்து அந்த வட்டத்தில் முக்கால் பங்கு ஒளி இருக்கும்படி வைத்துவிட்டு ஐபீஸை மாட்டுங்கள். வெளிச்சத்தின் அளவைக் கூட்டக் குறைக்க விளக்கின் குமிழ் இருக்கிறது, அதற்காக டயஃப்ரத்தைத் தொடாதீர்கள்.

கண்டென்சரை மேடைக்கு ஒட்டினாற்போல் ஏற்றி, ஒரு நூல் கீழே இறக்கி வைப்பது பெரும்பாலான வேலைக்குச் சரியாக வரும். 4எக்ஸில் வட்டத்தின் ஓரங்கள் இருண்டால் மட்டும் இன்னும் இறக்குங்கள்.

40எக்ஸில் பார்க்கும்போது சின்னத் திருகில் விரல் எப்போதும் இருக்கட்டும். அந்த உருப்பெருக்கத்தில் ஏறக்குறைய ஒரு மைக்ரான் கனமுள்ள தளம்தான் ஒரு நேரத்தில் தெளிவாக இருக்கும். திருகை முன்னும் பின்னும் அசைத்தால் செல்லின் மேல்சுவர், நடு, அடிச்சுவர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகலாம்.

எவ்வளவு பெரிது?

உங்கள் ஐபீஸில் 10எக்ஸ்/18 என்று இருந்தால், 18-ஐ அப்ஜெக்டிவ் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 4எக்ஸில் 4.5, 10எக்ஸில் 1.8, 40எக்ஸில் 0.45. வெங்காயத் தோலை 10எக்ஸில் வைத்து, வட்டத்தின் குறுக்கே நீளவாக்கில் ஆறு செல் எண்ணினால் ஒரு செல் 0.3 மி.மீ. சந்தேகமானால் பிளாஸ்டிக் அளவுகோலை 4எக்ஸின் கீழ் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையிலேயே ஒரு நல்ல ஒப்பீடு உண்டு. உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தை ஊசியால் சுரண்டி நீரில் கலந்து பாருங்கள். சிப்பி ஓடு போல வளைய வளையமாகக் கோடு போட்ட பெரிய மாவுமணிகள், டயஃப்ரத்தை மூடினால் கோடுகள் இன்னும் துலங்கும். பக்கத்திலேயே அரிசி மாவு ஒரு சிட்டிகை. அதன் மணிகள் 40எக்ஸில்கூடப் பொடிப்பொடியாக, மூலைகள் உள்ள சின்னக் கற்கள் மாதிரி இருக்கும். இரண்டிலும் அயோடின் விட்டால் நீலக்கறுப்பு.

எண்ணெயும் மோரும்

100எக்ஸ் லென்ஸை எண்ணெய் இல்லாமல் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைந்து வெளியே போய்விடுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.515. அதே எண் உள்ள எண்ணெயை இடையில் வைத்தால் ஒளிக்குக் கண்ணாடி முடிந்ததே தெரியாது, நேராக லென்ஸுக்குள் போகும். தேங்காய் எண்ணெய் போதாதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். அதன் எண் 1.45 அளவில்தான், போதாது. போதாததற்கு மார்கழிக் காலையில் லென்ஸின் மேலேயே உறைந்தும் போகும். நுண்ணோக்கிக்கென்று விற்கும் எண்ணெயையே வாங்குங்கள், ஒரு சின்னக் குப்பி பல வருடம் வரும்.

எண்ணெய் லென்ஸுக்கு முதல் பொருளாக நான் சொல்வது மோர். உப்பும் பெருங்காயமும் போடாத மோர், ஏனென்றால் உப்பு காய்ந்ததும் படிகமாகிப் படத்தைக் கெடுக்கும். நீர்க்கக் கரைத்த மோரில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் மெல்லிய படலமாக இழுங்கள். தானாகக் காயட்டும். காய்ந்த ஸ்லைடைச் சாமணத்தால் பிடித்து, படலம் மேலே இருக்க, ஸ்பிரிட் விளக்குச் சுடருக்கு மேலே இரண்டு மூன்று முறை சட்டென்று கடத்துங்கள். புறங்கையில் தொட்டால் சூடு பொறுக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது, சுடரின் பக்கத்தில் ஆல்கஹால் பாட்டிலும் இருக்கக் கூடாது. பிறகு மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு நிமிடம். இது வண்ணமீன் கடையில் மீன் மருந்தாகவே கிடைக்கும். விரலில் பட்டால் இரண்டு மூன்று நாள் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நீரால் அலசி, காயவைத்து, கவர் ஸ்லிப் போடாமலே பார்க்கலாம்.

10-இல் தொடங்கி 40-இல் நீலப் பொடிகள் தெரியும் இடத்தை நடுவில் வையுங்கள். சுழல் தட்டைப் பாதி திருப்பி, 40-க்கும் 100-க்கும் இடையே நிறுத்தி, ஒளி விழும் புள்ளியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பிறகு 100-ஐ அதற்குள் இறக்கித் திருப்புங்கள், லென்ஸின் முனை எண்ணெயைத் தொடுவது பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். டயஃப்ரத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, சின்னத் திருகு மட்டும். குச்சிக் குச்சியாகச் சில, மணி கோத்ததுபோல் இரண்டிரண்டாகவும் சரமாகவும் சில. எல்லாம் மோரின் பாக்டீரியாக்கள். வீட்டில் தினமும் உறை ஊற்றும்போது இந்த ஆட்களைத்தான் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குக் குடிமாற்றுகிறோம்.

எண்ணெய் விட்ட பிறகு 40-க்குத் திரும்பாதீர்கள். அது எண்ணெய்க்கு ஆன லென்ஸ் இல்லை. சொட்டுக்குள் அமுங்கி, உள்ளே ஊறி, அடுத்த ஒரு மாதத்துக்கு எல்லா ஸ்லைடும் பனிமூட்டமாகத் தெரியும். பார்த்து முடித்ததும் மேடையை இறக்கி ஸ்லைடை எடுத்துவிடுங்கள்.

இரத்தத்தை மட்டும் வீட்டில் பார்க்க வேண்டாம். ஆர்வம் புரிகிறது, ஆனால் ஊசி ஒருவரிலிருந்து ஒருவருக்குக் கைமாறினால் ஆபத்து. சாயமிட்டுத் தயாராக விற்கும் இரத்த ஸ்லைடு ஒன்று வாங்கிக்கொண்டால் காட்சியும் இதைவிடத் தெளிவாக இருக்கும்.

தெரியவில்லை என்றால்

10-இல் அருமையாகத் தெரிகிறது, 40-இல் வரவே மாட்டேன் என்கிறதா? ஸ்லைடு குப்புற இருக்கிறது. ஸ்லைடின் கனம் ஒரு மில்லிமீட்டர், 40-இன் லென்ஸால் அதைத் தாண்டி எட்ட முடியாது. திருப்பி வையுங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு கவர் ஸ்லிப்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்திருக்கும், புதுப் பெட்டியில் இது அடிக்கடி நடக்கும்.

வட்டம் பாதி நிலா போல இருந்தால் லென்ஸ் ‘க்ளிக்’ ஆகவில்லை. கறுப்புப் புள்ளி ஒன்று விடாமல் தொந்தரவு செய்தால் ஐபீஸைச் சுழற்றுங்கள், புள்ளியும் சேர்ந்து சுழன்றால் தூசி அங்கே. ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டும் இல்லை, மொத்தமே மங்கல் என்றால் அப்ஜெக்டிவின் முகத்தில் விரல்ரேகையோ காய்ந்த சாயமோ இருக்கும். ஓரத்தில் கம்பி கம்பியாக ஏதோ அசைந்தால் பயப்பட வேண்டாம், உங்கள் கண் இமை மயிர்தான்.

துடைப்பதும் மூடி வைப்பதும்

சட்டை நுனி, முந்தானை, கைக்குட்டை எதுவும் லென்ஸில் படக் கூடாது. அதிலிருக்கும் தூசியே அரம்போல் அறுக்கும். முதலில் ரப்பர் பல்பால் காற்றை ஊதித் தூசியைத் தள்ளுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு லென்ஸ் துடைக்கும் தாளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல். எண்ணெயை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். உலர்ந்த தாளால் இரண்டு முறை ஒற்றி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த தாளால் ஒரு முறை. லென்ஸின் மேலேயே ஆல்கஹாலை ஊற்றாதீர்கள், உள்ளே கண்ணாடிகளை ஒட்டிய பசையைக் கரைத்துவிடும். லென்ஸைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்ய நினைக்கவே வேண்டாம்.

உடைந்த கவர் ஸ்லிப்பைக் கையால் அள்ளாதீர்கள், ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். சாதாரணக் குப்பைப் பையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கை கிழியும். குளத்து நீரைப் பார்த்த நாளில் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கும் வியர்வைக்கும் நுண்ணோக்கியோடு பழைய பகை. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், தன் நெற்றியிலிருந்தும் கைகளிலிருந்தும் வழிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்துவிட்டதையும், மிச்சமிருந்த ஒரே ஐபீஸும் விரிசல் விட்டிருந்ததையும் பின்னாளில் எழுதினார். அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்று கயிற்றால் இழுக்கும் துணி விசிறியான பங்காவைக்கூட இழுக்கவிடாமல் உட்கார்ந்திருந்தார் மனுஷன். நீங்களும் கவர் ஸ்லிப் போடும் நேரத்துக்கு மின்விசிறியை நிறுத்துங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் திருகுகளையும் மேடையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

லென்ஸுக்கு இன்னொரு எதிரி பூஞ்சை. மழைக்காலத்தில் மூடிய மரப்பெட்டிக்குள் வைத்த கருவியின் லென்ஸில் சிலந்திவலை போல ஒன்று படர்ந்தால் அதுதான். நாளானால் கண்ணாடியையே அரித்துவிடும், பிறகு எந்தத் துடைப்பும் பலிக்காது. தடுப்பதற்குச் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் வகையை வாங்கி, ஒரு துணி முடிச்சில் கட்டிப் பெட்டிக்குள் போடுங்கள். நீலமாக இருப்பது ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நச்சு என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

விளக்கை அணைத்து ஆறவிட்டு, மேடையை முழுக்க இறக்கி, 4எக்ஸ் லென்ஸைக் கீழே கொண்டுவந்து, ஐபீஸ் குழாயில் மாட்டியபடியே இருக்க உறையைப் போடுங்கள். சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் உறையைப் போட்டால் அது உருகி விளக்கில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து, ஜெல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டு மூடுங்கள்.